சாய்ந்த தண்டவாளமும் பெரியப்பாவின் மலைக் காரும்

நம் வீட்டுக்கு வடக்கே இருக்கிற ரயில் கேட்டில் தண்டவாளம் ரோட்டை நேராக வெட்டாது. சாய்வாக வெட்டும். பாதி திறந்து வைத்த கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சைக்கிளில் போகிறவருக்கு அப்படி இல்லை. தண்டவாளத்தின் உள்பக்கம் ஓரமாக ஒரு பள்ளம் ஓடும். ரயில் சக்கரத்தின் விளிம்பு இறங்கிப் போவதற்கு அந்தப் பள்ளம் வேண்டும், அதை மூட முடியாது. சைக்கிள் டயர் அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல உள்ளே இறங்கும். இறங்கிவிட்டால் அப்புறம் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. சைக்கிள் தண்டவாளம் போகிற பக்கம் போகும், நாம் ரோடு போகிற பக்கம் போவோம்.

நானே அங்கே விழுந்திருக்கிறேன். கறிவேப்பிலைக் கட்டோடு சந்தைக்குப் போகிற பெரியவர் விழுந்திருக்கிறார். மழை நாளில் இரும்பு நனைந்திருந்தால் பள்ளம்கூட வேண்டாம், தண்டவாளத்தின் மேல் டயர் பட்டதுமே வழுக்கிவிடும். விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்து முதலில் ரயில் வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் யாராவது தங்களைப் பார்த்தார்களா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் முட்டியைப் பார்ப்பார்கள்.

சின்னவனே, வருகிற ஜூன் மாதம் நீ கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகப் போகிறாய். உன் அக்காவுக்கு அந்த கேட்டைக் கடக்க நான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கும் சொல்லித் தருவேன். ஆனால் அந்த கேட்டில் நீ ஒரு தடவை ஏற்கனவே விழுந்தவன். அப்போது நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். அந்த நாளை வாயால் சொல்ல ஆரம்பித்தால் அம்மா நடுவில் எழுந்து போய்விடுகிறாள், பெரியப்பா நடுவில் புகுந்து தன் பங்கைப் பெரிதாக்கிவிடுகிறார். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் அக்கா திருத்தட்டும்.

முதலில் பெரியப்பாவின் காரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பெரியப்பாவும் நானும் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே ஒர்க்ஷாப்பில் கை பழகினோம். அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் மலையை விட்டு இறங்கி வந்தேன். அம்மாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி, தோட்டமும் மாடும் உள்ள வீடு. மலையில் இருந்து வந்தவனுக்கு இந்த வெயில் தாங்குமா என்றுதான் அவர்கள் வீட்டில் கேட்டார்களே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தாங்கியது. மீனாட்சிபுரம் பக்கம் இந்த ஷெட்டைப் போட்டேன். பெரியப்பா அங்கேயே இருந்துவிட்டார்.

என் வேலை இன்ஜின் டியூனிங். இப்போது வருகிற கார்களில் பாதி வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அப்போது பழைய வண்டிகள் நிறைய ஓடின. பையன்கள் வந்து, பிக்கப் வேண்டும், பைபாஸில் பஸ்ஸை முந்த வேண்டும், சைலன்சர் சத்தம் இரண்டு தெரு கேட்க வேண்டும் என்பார்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக நினைக்கிற வயது. நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். இன்ஜினுக்கு வேண்டியது காற்றும் பெட்ரோலும் சரியான கலவையில், சரியான நேரத்தில் ஒரு பொறி. இதைச் சரியாகக் கொடுத்தால் வண்டி தன்னால் ஓடும்.

இதில் மலைக்கு ஒரு கணக்கு, தரைக்கு ஒரு கணக்கு. மேலே காற்று லேசாக இருக்கும். காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை கக்கும். அதனால் மலை மெக்கானிக்குகள், காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்ன பித்தளைத் துண்டை, ஜெட் என்போம், இன்னும் சின்ன ஓட்டை உள்ளதாகப் போடுவார்கள். பொறி அடிக்கிற நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த வண்டி ஏற்றத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போகும். அதையே அப்படியே பாலக்காட்டு வெயிலுக்கு இறக்கினால் காற்று கனமாக வரும், பெட்ரோல் பத்தாது. இன்ஜின் பட்டினி கிடக்கும். பட் பட்டென்று கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும், சூடேறும், மெதுவாக ஓடும்போது நின்றுபோகும்.

பெரியப்பாவிடம் அப்படி ஒரு பழைய சின்ன கார் இருந்தது. சிவப்பு, வெயிலில் வெளுத்துப் போன சிவப்பு. அதைத் தன் கையாலேயே டியூன் செய்திருந்தார். அதன் மேல் அவருக்கு இருந்த பெருமையை எழுதத் தனி நோட்டு வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த காரில் வந்து இறங்கினார். அம்மாவுக்கு ஏழாம் மாதம் என்று ஏலக்காய், தேயிலைத்தூள், எஸ்டேட் பலாக்காய் எல்லாம் கொண்டு வந்திருந்தார். வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பி அணைப்பதற்குள் கார் இரண்டு தடவை துப்பிவிட்டுத் தானாகவே நின்றது.

பெரியப்பா இறங்கி பானட்டைத் தட்டினார். "உங்க ஊரு பெட்ரோல்ல பாதி தண்ணியாடா? அங்கிட்டு மேட்டுல மூணாவது கியர்ல ஏறுன வண்டி, இங்கிட்டு தரையில மூச்சு வாங்குது."

பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான், ஜெட்தான் மலை ஜெட் என்று சொன்னேன். ஒர்க்ஷாப்பில் பெரிய ஜெட் இருக்கிறது, அரைமணியில் மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் காரின் முன்னால் போய் நின்றுகொண்டார், நான் என்னவோ திருட வந்தவன் மாதிரி.

"திங்கக்கெழம திரும்ப ஏறணும்ல. நீ இங்க ஒரு திருப்பு திருப்பிருவ, நான் அங்க ரோட்டுல நின்னு பழையபடி திருப்பணுமாக்கும். தொடாத."

அம்மா சமையல்கட்டு ஜன்னலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க மாமா, வண்டி நின்ன எடத்துலயே இருமுதுங்களே. சுக்குக் கசாயம் வெச்சுக் குடுக்கட்டுங்களா?"

பெரியப்பா காரை விட்டு நகர்ந்தார். "குடு தாயி, வண்டிக்கு இல்ல, எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் வரை ஜெட்டைப் பற்றியே பேசினோம். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கார் தொடப்படாமல் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வழக்கம்போல சொசைட்டிக்குப் பால் கொண்டு போனாள். கர்ப்பமான பிறகு அவள் சைக்கிளில் ஏறுவதில்லை. சைக்கிளைத் தள்ளுவண்டியாக வைத்திருந்தாள். கேரியரில் பால் கேனைக் கட்டி, நடந்தே தள்ளிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவாள். நான் கொண்டு போகிறேன் என்றால், நீங்கள் போனால் கொழுப்பு அளக்கிறபோது பேசிக்கொண்டே நிற்பீர்கள், சரியாகப் பார்க்க மாட்டீர்கள் என்பாள். அதிலும் உண்மை இருந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. ரயில் கேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஆபத்து இல்லை என்றுதான் நம் ஊரில் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா இறங்கித்தான் தள்ளினாள். ஆனால் ரோடு போகிற வாக்கிலேயே, ஓரமாகத் தள்ளினாள். தண்டவாளம் சாய்வாக இருப்பதால் ரோட்டு வாக்கில் போனால் டயர் பள்ளத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்துவிடும். முன்சக்கரம் இறங்கியது. பின்னால் கேன் கனம். சைக்கிள் அவள் பக்கமாகவே சாய்ந்தது. ஹேண்டில் வயிற்றின் பக்கவாட்டில் இடித்து, அவள் பின்பக்கமாக உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள்.

ஆகவே, ஏறிப் போனாலும் தள்ளிப் போனாலும், தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பின்னால் வண்டி இல்லை என்று தெரிந்த பிறகு சக்கரத்தைத் திருப்பித் தண்டவாளத்துக்குக் குறுக்காக, அதை நேராக வெட்டுகிற மாதிரி வைத்துக் கடக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. இதை நான் அன்றைக்குப் பிறகுதான் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

கேட்கீப்பராக இருந்த தம்பிதான் போன் செய்தார். "அண்ணே, வெரசா வாங்க. அக்கா உளுந்துட்டாங்க." கட்டியிருந்த லுங்கியோடு ஓடினேன். கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுத் தலை சீவிக்கொண்டிருந்த பெரியப்பா, சீப்பு கையில் இருக்க வாசலுக்கு வந்து, என்னடா என்னடா என்று பின்னால் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த உன் அக்காவைப் பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டார்.

அம்மா கேட்கீப்பர் அறை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை யாரோ எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவிலும் ஜல்லியெல்லாம் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "பால் பூராம் போச்சுங்க" என்றாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ரத்தம் எதுவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தண்ணீர் குடித்தாள். டம்ளரை என்னிடம் திருப்பித் தரும்போது வேறு குரலில் சொன்னாள்.

"ஏனுங்க, அசையக் காணங்க. காத்தால எந்திரிச்சதுல இருந்து உதைச்சுட்டே வந்துச்சு. உளுந்ததுக்கப்புறம் ஒண்ணுமே இல்லீங்க."

சின்னவனே, அது நீதான். அதுவரை உன்னை அமைதியாக இருக்கச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை வயிற்றைத் தட்டியிருக்கிறாள். அன்றைக்கு நீ அசைந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார் கேட்கீப்பர். வேறு ஓட்டத்தில் இருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். முகூர்த்த நாள் என்பதால் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை. என் ஷெட்டில் நின்ற மூன்று வண்டியிலும் இன்ஜினைக் கழற்றிக் கீழே வைத்திருந்தேன். அதற்குள் பட் பட்டென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி நானும் ஏறினேன். பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியப்பா முதல் கியர் போட்டபோது கேட்டின் கை இறங்க ஆரம்பித்தது. நான் இறங்கி ஓடி, ஒரு நிமிஷம், எங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். கேட்கீப்பர் தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "ரயிலுக்கு லைன் குடுத்தாச்சுங்கண்ணே. இனி நானே நெனச்சாலும் தெறக்காது." அவர் சொன்னது சரி. அப்போது திறந்தால்தான் தப்பு. ஆனால் அந்த நேரத்தில் அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

கார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அணைந்துவிடக் கூடாது என்று பெரியப்பா ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார். மிதிக்க மிதிக்க அது துப்பியது. பெரிதாக ஒரு வெடி மாதிரி துப்பிவிட்டு அணைந்தது. சாவி போட்டார், பிடிக்கவில்லை. மறுபடி போட்டார், பிடித்து உடனே அணைந்தது. வெயில் அந்தக் காலையிலேயே ஏறிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள்.

முந்தின நாள் முழுக்கப் பேசிய ஜெட் பேச்சை நான் அங்கே எடுக்கவில்லை. பெரியப்பா கீழே இறங்கி டிக்கியைத் திறந்தார். டூல்ஸ் பையில் இருந்து ஸ்க்ரூ டிரைவரையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"பண்ணுடா."

பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டுகிற ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே எடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, பொறி அடிக்கிற நேரத்தை நகக்கண் அளவு பின்னால் தள்ளி இறுக்கினேன். கை சுட்டது. வேறு நாளாக இருந்தால் இதற்கு டைமிங் லைட் வைத்துப் பார்ப்பேன், அன்றைக்குக் காதுதான். பெரியப்பா சாவி போட்டார். பிடித்தது. நடுக்கம் குறைந்து ஒரே சீராக நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

ஆனால் நின்ற இடத்தில் ஓடினால் போதாது. வேகம் எடுக்கும்போது பெட்ரோல் கொடுப்பது அந்த ஜெட்தான். அதை மாற்ற கார்புரேட்டரையே பிரிக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. சோக்கைப் பாதி இழுத்து வைத்து ஓட்டுவது. சோக்கை இழுத்தால் காற்று அடைபட்டு பெட்ரோல் கூடும். குளிர்ந்த இன்ஜினைக் காலையில் எழுப்புவதற்குத்தான் அது. சூடான இன்ஜினுக்கு சோக் இழுத்து ஓட்டுகிறவனை எங்கள் மலையில் டிரைவர் என்றே சொல்ல மாட்டார்கள். அண்ணே, சோக் பாதி இழுங்க என்றதும் பெரியப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. இழுத்தார். பழைய கேபிள், கையை விட்டால் தானாக உள்ளே போனது. டேஷ்போர்டில் இருந்து ஒரு துணிக் கிளிப்பை எடுத்தார். எஸ்டேட்டில் பனிக் காலத்தில் எல்லா டிரைவரும் வைத்திருப்பார்கள், சோக் குமிழுக்குப் பின்னால் மாட்டினால் உள்ளே போகாது. மலைக் குளிருக்கு வைத்திருந்த கிளிப்பைப் பாலக்காட்டு வெயிலில் மாட்டினார்.

ரயில் வந்தது. இவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. வழக்கமான பாசஞ்சர்தான்.

கேட் திறந்தது. இப்போது வேறொரு பயம். அம்மாவுக்குக் குலுங்கக் கூடாது என்றால் தண்டவாளத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். மெதுவாகப் போனால் பட்டினி இன்ஜின் அணையும், அதுவும் தண்டவாளத்தின் மேலேயே. சாய்வு என்பதால் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பெரியப்பா கிளட்ச்சில் காலை வைத்து, ரயில் போனதும் பாலுக்குத் திரும்ப வந்த காக்கைகள்கூடப் பறக்காத அளவு மெதுவாக நகர்த்தினார். ஒவ்வொரு சக்கரம் இறங்கும்போதும் அம்மாவை இடுப்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தேன். இன்ஜின் ஒரு இடத்தில் தணிந்தது. போய்விட்டது என்று நினைத்தேன். சோக் தாங்கியது. அந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ரோடு நல்ல ரோடு. தென்னந்தோப்பும் பனையுமாக இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. பெரியப்பா வேகம் எடுக்கப் பார்த்தார், சத்தத்தை வைத்து நான் பின்னால் இருந்து சொன்னேன், அவ்வளவு வேண்டாம், இதே போதும் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக, கார் விஷயத்தில் நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டார். என் கை அம்மாவின் வயிற்றில் இருந்தது. ஏதோ அசைவது போல இருக்கும், இதோ என்று அம்மாவைப் பார்ப்பேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். அது காரின் அதிர்வு. சீட்டின் வழியாக ஏறி அவள் உடம்பில் வந்து என்னை ஏமாற்றியது. இப்படியே நாலைந்து தடவை.

பாதி வழியில் அம்மா சொன்னாள், "கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இந்த நடுக்கத்துல எது வண்டி, எது பிள்ளைன்னே தெரியல."

சூடான இன்ஜினை அணைத்தால் திரும்பப் பிடிக்குமா என்பது பெரியப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டில் எப்படிப் படுத்தியது என்பதை இரண்டு பேரும் பார்த்திருந்தோம். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியப்பா ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டி சாவியைத் திருப்பிவிட்டார். கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

பனையோலை உரசுகிற சத்தம், எங்கேயோ மோட்டார் ஓடுகிற சத்தம். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை.

"போலாங்க" என்றாள்.

சாவி போட்டார். சுற்றியது, பிடிக்கவில்லை. பெரியப்பா வாய்க்குள் ஆண்டவரே என்றார். சோக்கால் பெட்ரோல் தேங்கியிருக்கும் என்று கிளிப்பைக் கழற்றி, சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி மறுபடி போட்டார். பிடித்தது. உடனே கிளிப்பைப் பழையபடி மாட்டினார். அதை நான் சொல்லவில்லை, அவராகவே செய்தது. நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சித்தூரில் அம்மாவை நேரே உள்ளே கொண்டு போனார்கள். ஆண்களை உள்ளே விடவில்லை. கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். பெரியப்பா எனக்கும் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே சிஸ்டர் மலையாளத்தில் ஏதோ கேட்பதும் அம்மா தமிழில் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு பேச்சு நின்றது. ஒரு மிஷினின் கரகரப்பு மட்டும் வந்தது, ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருகிற மாதிரி. அது போய்க்கொண்டே இருந்தது. நான் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்டது. டுக் டுக் டுக் டுக் என்று, யாரோ அவசரமாக எங்கேயோ ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். பெரிதாக, தெளிவாக, அந்த வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி. இவ்வளவு வேகமாகவா இருக்கும் என்று பயந்தேன். சிஸ்டர் சொன்னார்:

"தா, கேட்டோ? ஒரு குழப்பவும் இல்லா. பேடிக்கண்டா."

ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மலையாளத்தில் எனக்கு இன்றைக்கும் மிகப் பிடித்த வார்த்தை எது என்று கேட்டால் பேடிக்கண்டா என்றுதான் சொல்வேன். உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்டது, உடனே சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லுங்கியோடு, கை முழுக்கக் கறுப்பு ஆயிலோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில். பெரியப்பா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் பார்த்தேன் என்று அவருக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இடி குழந்தை மேல் படவில்லை, நீர்க்குடம் நன்றாக இருக்கிறது, இப்படி விழுந்த பிறகு குழந்தை சில நேரம் அசையாமல் இருப்பதுண்டு, எதற்கும் ஒரு நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். அம்மாவை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, சர்க்கரை போட்ட பால் கொடுத்தார்கள். பாலைப் பார்த்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். அன்றைய பால் முழுக்க ஜல்லிக்குப் போனதை நினைத்திருப்பாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் என் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள். கார் இல்லை, இன்ஜின் இல்லை, கட்டில் ஆடவில்லை. உள்ளே இருந்து ஒரு உதை. இன்னொன்று. போர்வையே தூக்கிப் போட்டது. காலையில் இருந்து பாக்கி வைத்திருந்ததையெல்லாம் நீ ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

பெரியப்பா வாசலோடு நின்றுவிட்டார். தம்பி மனைவி படுத்திருக்கிற அறைக்குள் வருவது அவருக்கு வழக்கம் இல்லை. ஆனால் போகவும் மனம் இல்லை. முகத்தை வராந்தா பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"என்ன தாயி, அசையுதா?"

"உட மாட்டீங்குதுங்க மாமா. ஒரு கண்ணு மூட உட மாட்டீங்குது."

"அப்படியா" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, காலையில் இருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, பசிக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் பசி தெரிந்தது.

எதிரில் இருந்த ஓட்டலுக்குப் போனோம். புரோட்டாவும் கடலைக்கறியும் வாங்கித் தின்றோம். இரண்டாவது டீ வந்தபோதுதான் பெரியப்பா பழையபடி ஆனார். வண்டி அவ்வளவு தூரம் நிற்காமல் வந்ததற்குக் காரணம் இன்ஜினில் இருக்கிற கைப்பழக்கம் என்றும், அந்தக் கைப்பழக்கம் யாருடையது என்று ஊருக்கே தெரியும் என்றும் ஆரம்பித்தார். நான் சரி அண்ணே, சரி அண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்கும் மறுப்பு சொல்லத் தோன்றவில்லை. அவர் என்ன சொன்னாலும் நன்றாகத்தான் இருந்தது.

உன் அக்காவைக் கூட்டிவர சாயங்காலம் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அண்ணே, வண்டியை நான் எடுக்கட்டுமா என்றேன். சாவியை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"போ. போற வழியில ஒன் ஷெட்ல நின்னு ஜெட்ட மாத்திரு. நான் திங்கக்கெழம போகல. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு புரோட்டா கேட்டார்.